அரோகராவுக்கு முந்திய பாதி

எழிலரசியின் பேர் நோட்டைத் தாண்டி ஒரு வெளிநாட்டுப் பணமும் அடி அண்ணாமலை கிராமத்துக்குள் வராது என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அப்படி ஒரு நோட்டு இருந்தது. எண்பது பக்கம், அட்டையில் மான் படம். உள்ளே வரவு செலவு எதுவும் கிடையாது, வெறும் பேர்கள். ஒவ்வொரு பேரும் இங்கிலீஷில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிக் கட்டத்துக்குள். அந்த நோட்டு எப்படி வந்தது என்று சொல்லவேண்டுமானால் முதலில் எழிலரசியின் சொந்தப் பேருக்கு நேர்ந்த கதியைச் சொல்லவேண்டும்.

எண்பத்தொன்பதில் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். அதுவரை எதற்கெடுத்தாலும் வேலூருக்கு ஓடவேண்டும். எழிலரசி ஓடுகிற ஆள் இல்லை. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போனவள். இருபத்து மூன்று வயதில் ப்ளஸ் டூ சர்டிபிகேட்டும் டைப்ரைட்டிங் லோயரும் கையில் இருந்தன. ஆபீஸ்கள் பக்கத்திலேயே வந்துவிட்டன என்றதும் மனு எழுதிப் போட ஆரம்பித்தாள். ஊனமுற்றவர்களுக்கு எஸ்.டி.டி. பூத் ஒதுக்குகிறார்களாம், எனக்கும் ஒன்று வேண்டும் என்று. இரண்டு வருஷம் மனு மேல் மனு. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, நகர்ந்தது. ஆர்டர் வந்தது. இங்கிலீஷில் அடித்திருந்த அந்த ஆர்டரில் ELILARASI-யில் ஒரு L விட்டுப்போய், எழிலரசி 'எலியரசி' ஆகியிருந்தாள்.

ஊரில் பொழுதுபோகாத வாய்கள் ஒரு மாசம் அதை வைத்தே பிழைத்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சர்டிபிகேட்டில் ஒரு பேர், ஆர்டரில் ஒரு பேர் என்றால் பூத் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். எந்த ஆபீஸ், எந்த கிளார்க் என்பதெல்லாம் இப்போது எதற்கு? மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு எட்டு மாசம் போனாள். "ஒரு எழுத்துக்கா இத்தினி தூரம் வர்ற?" என்று கடைசியில் அந்த கிளார்க்கே சலித்துக்கொண்டார்.

"ஒரு எழுத்துலதான சார் என்னை எலி ஆக்கினீங்க" என்றாள் எழிலரசி.

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் அன்றைக்கே திருத்தியும் கொடுத்தார். எட்டு மாசத்துக்கு முன்பே சிரித்துத் தொலைத்திருக்கலாம். அன்றைக்கு எழிலரசி ஒன்று கற்றுக்கொண்டாள். ஏழைப்பட்டவர்களுக்குப் பசி ஒரு பகை என்றால் ஸ்பெல்லிங் இன்னொரு பகை, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தொண்ணூற்றிரண்டில், கிரிவலப் பாதையை ஒட்டி, ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் மஞ்சள் போர்டு மாட்டினாள். ஊரில் அப்போதுதான் ஆண்கள் வெளியே போக ஆரம்பித்திருந்தார்கள். மழை கம்மி, நிலமும் கம்மி, அதில் வாய்கள் ஜாஸ்தி. முதலில் பெங்களூர் கட்டட வேலைக்குப் போனார்கள், பிறகு ஏஜென்டைப் பிடித்து மஸ்கட், குவைத், துபாய் போனார்கள். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. ஆகவே வெள்ளிக்கிழமை பூத்தில் கூட்டம். பெண்டாட்டிமார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நேரம் குறித்திருப்பாள் எழிலரசி. போன் அடித்தால் இன்னார் புருஷன் என்று எடுக்கும் முன்பே சொல்லிவிடுவாள்.

அந்த வரிசையில் தவறாமல் இருப்பவள் தனம். எழிலரசிக்கு இரண்டு வயது இளையவள். புருஷன் மஸ்கட்டில் பைப் ஃபிட்டர். அவன் பேர் அண்ணாமலை.

இந்த ஊரில் பிறந்து அந்தப் பேர் வைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் தனத்துக்கு அது பெரிய தொல்லை. புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று தாய்வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மற்றவள் புருஷன் பேர் கண்ணாயிரம் என்றால் கண்ணாயிரத்தை மட்டும் விட்டுவிட்டால் போதும். தனம் என்ன செய்வாள்? மலை பேரும் அதுதான், ஊர் பேரும் அதுதான், சாமி பேரும் அதுதான். பஸ்ஸில் ஏறினால் "டவுனு ஒண்ணு" என்பாள். கோயிலைப் "பெரிய கோயில்" என்பாள். ரேஷன் கடையில் எந்த ஊர் என்று கேட்டால் எதிரே இருக்கும் போர்டைக் கையால் காட்டுவாள். கடைக்காரர் வேண்டுமென்றே ஒவ்வொரு மாசமும் கேட்பார்.

பௌர்ணமி தவறாமல் எழிலரசி வண்டியில் கிரிவலம் போவாள். மேடு வந்தால் பின்னாலிருந்து தள்ளுவது தனம். அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. "அண்ணாமலையாருக்கு" என்று எழிலரசி குரல் கொடுப்பாள். "அரோகரா" என்று தனம் முடிப்பாள். பதினான்கு கிலோமீட்டரும் இப்படித்தான். முந்திய பாதி எழிலரசிக்கு, பிந்திய பாதி தனத்துக்கு.

தொண்ணூற்றெட்டு வாக்கில் ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் இன்டர்நெட் சென்டர்கள் முளைத்தன. வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பதை வண்டியில் போகும்போது பார்த்தாள் எழிலரசி. ஒரு மணி நேரத்துக்கு அறுபது ரூபாய் என்றார்கள். அவ்வளவு கொடுக்க அவளுக்கு வசதி இல்லை. ஒரு சென்டர்காரரிடம் போய், "உங்க லெட்டருங்கள நான் டைப் அடிச்சுத் தர்றேன், அதுக்குப் பதிலா என்னை மிஷின்ல உக்கார வையுங்க" என்றாள். அவளுடைய விரல் வேகத்தைப் பார்த்ததும் அவர் மறு பேச்சு பேசவில்லை. இரண்டாயிரத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று பூத்துக்குள் வந்து சேர்ந்தது. அதை வைத்த பிறகு உள்ளே ஒருத்தர்தான் நிற்க முடியும்.

தனமும் மற்றவர்களும் சொல்லச்சொல்ல எழிலரசி தமிழை இங்கிலீஷ் எழுத்தில் மெயிலாக அடிப்பாள். பசு கன்று போட்டது, மாமியாருக்குச் சுகர், நீ வாங்கி அனுப்பிய டார்ச் எரியவில்லை, எல்லாம் அப்படியே போகும். பதினைந்து நாள் கடுதாசி பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தது. கொஞ்ச நாளில் பணமும் அப்படியே வரும் என்றார்கள். அங்கே ஒரு கவுன்டரில் கட்டினால் டவுனில் ஒரு கவுன்டரில் பத்து நிமிஷத்தில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முன்பெல்லாம் பணம் டிராஃப்டாக வரும், அல்லது ஊர் திரும்புகிற யாராவது மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த யாராவது வழியில் மனசு மாறாமல் இருக்கவேண்டும்.

பத்து நிமிஷத்தில் வந்ததென்னவோ நிஜம். வாங்கத்தான் முடியவில்லை. தமிழில் இருப்பது ஒரே ஒரு 'த'. அதை இங்கிலீஷில் T என்றும் எழுதலாம், TH என்றும் எழுதலாம், D, DH என்றும் எழுதலாம். மஸ்கட்டில் அண்ணாமலை தன் பெண்டாட்டி பேரை DHANAM என்று எழுதினான். அவள் ஓட்டுரிமை அட்டையில் TANAM. டவுன் கவுன்டரில் தனத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது நீங்க இல்லம்மா" என்றார்கள். அடுத்த முறை அவன் திருத்துகிறேன் என்று THANAM ஆக்கினான். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. பணம் இரண்டு தடவையும் மஸ்கட்டுக்கே திரும்பிப் போயிற்று. மகள் கவிநிலாவுக்கு ப்ளஸ் ஒன் சேர்க்கையும் அந்தப் பணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

"நான் நான் இல்லியாம்க்கா" என்று பூத்தில் வந்து அழுதாள் தனம். "என் மூஞ்சக்கூடப் பாக்காம சொல்லிட்டான்."

எழிலரசிக்கு எலியரசி ஞாபகம் வந்தது. கோபமும் வந்தது. மறுநாளே கடைக்குப் போய் அந்த மான் படம் போட்ட நோட்டை வாங்கினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். முப்பத்தோரு வீட்டில் அட்டையை வாங்கி, அதில் இருந்த பேரை, தப்பாகவே இருந்தாலும் அந்தத் தப்பு மாறாமல், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக இறக்கினாள். பிறகு புருஷன்மாருக்கு ஒவ்வொருத்தராக மெயில் போட்டாள். "உன் பெண்டாட்டிக்கு நீ வைத்த செல்லப் பேர் எனக்குத் தேவையில்லை. இங்கே எழுதியிருப்பதைப் பார்த்து அப்படியே எழுது." மூன்று மாசத்தில் டவுன் கவுன்டரிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வருகிறவர்கள் நின்றுபோனார்கள்.

தனத்துக்கு மட்டும் விடியவில்லை. அவள் பேரைத் திருத்துகிறேன் என்று அட்டையை ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். போன அட்டை வரவே இல்லை.

இதற்குள் எழிலரசிக்கு வேறு ஒரு எண்ணம் பிடித்துவிட்டது. கவுன்டர் ஏன் டவுனில் இருக்கவேண்டும்? அரை நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குச் செலவழித்து, அங்கே போய் ஏன் நிற்கவேண்டும்? பணம் அனுப்பும் கம்பெனிக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். எட்டாவது கடிதத்துக்கு ஒரு பதில் வந்தது. அடி அண்ணாமலையில் கவுன்டர் கேட்டு ஒரு நகைக்கடைக்காரரும் எழுதியிருக்கிறார், அவர் கடை பெரியது, இருந்தாலும் உங்கள் இடத்தையும் எங்கள் ஆள் வந்து பார்ப்பார். அவர் இருக்கும்போதே ஒரு பட்டுவாடாவாவது பிசகில்லாமல் நடக்கவேண்டும். நடக்காவிட்டால் கவுன்டர் நகைக்கடைக்கு.

நகைக்கடைக்காரரைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே பணம் வாங்கப் போகிற பெண் மோதிரத்தோடுதான் வெளியே வருவாள் என்று ஊருக்கே தெரியும். இது எழிலரசிக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாயிரத்து நாலு, ஆனி மாசப் பௌர்ணமி, வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் கம்பெனி ஆள் வந்தார். சரவணகுமார் என்று பேர், முப்பது வயசு இருக்கும், சென்னை. நாலு மணிக்கு மேல் கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை மறித்துவிடுவார்கள், அதற்குள் போகவேண்டும் என்று வந்ததும் சொல்லிவிட்டார். ஜூலை பிறந்து இரண்டு நாள்தான், இன்னும் யாருக்கும் சம்பளம் கைக்கு வரவில்லை. ஓவர்டைம் காசில் ஒரே ஒருத்தன்தான் பணம் அனுப்பியிருந்தான். அண்ணாமலை.

தனத்திடம் அட்டை கிடையாது. ஆனால் அதற்கு ஒரு வழியை எழிலரசி கம்பெனி விதிகளைப் படித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சின்னத் தொகை என்றால் அட்டை வேண்டாம். அனுப்புகிறவன் ஒரு கேள்வியும் பதிலும் எழுதிக் கொடுப்பான். வாங்குகிறவள் அந்தப் பதிலைச் சரியாகச் சொன்னால் போதும். போன வெள்ளிக்கிழமை போனில் அண்ணாமலைக்கு விளக்கிச் சொல்லியிருந்தாள். "தனத்துக்குத் தெரிஞ்ச கேள்வியா போடு. அதான் முக்கியம்." அவன் "பாத்துக்கறேங்க்கா" என்றான்.

சரவணகுமார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நம்பரை அடித்தார். பணம் வந்திருந்தது. கேள்வியைப் படித்தார்.

"அம்மா, உங்க கணவர் பேர் என்ன?"

எழிலரசி தலையில் அடித்துக்கொண்டாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. பசு மாட்டு நிறத்தைக் கேட்டிருக்கலாம், பொண்ணு பிறந்த கிழமையைக் கேட்டிருக்கலாம். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு இதுகூடவா தெரியாது? மஸ்கட் வெயில் மூளையைக் காய்ச்சிவிட்டதா?

தனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, பேர்?"

"அவருங்க சார்..." என்றாள் தனம். "இந்த... மலை..." என்று கையை வெளியே நீட்டினாள்.

"கையக் காட்டக் கூடாதும்மா. வாயால சொல்லணும். இல்ல, எழுதிக் குடுங்க."

தனத்துக்கு எழுதத் தெரியாது. "சார், அவங்க வழக்கத்துல..." என்று எழிலரசி ஆரம்பித்தாள்.

"மேடம், நீங்க சொல்லக் கூடாது. பக்கத்துல இருக்கறவங்க எடுத்துக் குடுத்தா கேன்சல். ரூல்." அவர் கெட்டவர் இல்லை, விதியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். கடிகாரத்தைப் பார்த்தார். மூணே கால்.

தனம் ஒரு தரம் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "அவருக்கு ஏதனா ஆயிடுச்சின்னா, அவ்ளோ தூரத்துல, நான் இன்னா பண்ணுவேன்க்கா? காசு போனாப் போவுது. என்னால உன் கடை போவுதேன்னுதான்..."

எழிலரசி தனத்தைப் பார்த்தாள். பதினைந்து வருஷம் எழுதிய மனுக்கள், எட்டுக் கடிதம், முப்பத்தோரு வீட்டு நோட்டு, எல்லாம் ஒரு பேரில் வந்து நிற்கிறது. அந்தப் பேரைப் பிடுங்குவது அவளுக்குச் சம்மதமில்லை. கவுன்டரை விடுவதும் சம்மதமில்லை. வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது, பாதை முழுக்கக் கால்கள்.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"தனம், இங்க வா. சாமி கும்புடலாம்."

தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். மலை நேரே தெரிந்தது.

"எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்றாள் எழிலரசி. "பன்னெண்டு வருஷமா முந்திய பாதி நான்தான் போட்டேன். இன்னைக்கு நீ போடு. பிந்திய பாதி நான் சொல்றேன். அது சாமி பேரு, தனம். அவரு பேரு இல்ல."

தனம் மலையைப் பார்த்தபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே சரவணகுமார் எழுந்து பையை எடுக்கும் சத்தம் கேட்டது. அப்போது தனம் இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்தாள்.

"அண்ணாமலையாருக்கு!"

இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்த குரல் அது. பாதையில் போன அத்தனை பேரும் திரும்பி, "அரோகரா!" என்றார்கள். எழிலரசியின் அரோகரா அதில் கரைந்துபோயிற்று.

சரவணகுமார் வாசலில் நின்றிருந்தார். "மேடம், அது சாமி பேராச்சே. கேள்வி அவங்க கணவர் பேரு."

எழிலரசி நிதானமாகத் திரும்பினாள். "உங்க ஸ்கிரீன்ல இன்னா பதில் இருக்குது சார்?"

"அத நான் சொல்லக் கூடாது."

"வேணாம். எண்ணிப் பாருங்க. இங்கிலீஷ்ல ஒம்பது எழுத்து. அந்த ஒம்பதும் இவ வாயிலேர்ந்து வந்துச்சா இல்லியா? நான் எடுத்துக் குடுத்தனா? சாமி பேரா ஆசாமி பேரான்னு உங்க ரூல்ல எங்கனா கேட்டிருக்குதா?"

அவர் அவளைப் பார்த்தார். தனத்தைப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்து ஒன்பது எழுத்தையும் அடித்தார். மிஷின் ஒரு நொடி யோசித்துவிட்டு ரசீதைத் துப்பியது. தனம் கட்டைவிரலை அழுத்தினாள். பணம் கைக்கு வந்தது.

"எங்க அம்மாவும் எங்க அப்பா பேரச் சொல்ல மாட்டாங்க" என்றார் சரவணகுமார், காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "போர்டு அடுத்த வாரம் அனுப்பறோம் மேடம். போர்டுல உங்க பேர எப்படி எழுதணும்?"

எழிலரசி மான் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினாள். அதில் அவள் பேர்தான் இருந்தது, கட்டத்துக்கு ஒரு எழுத்தாக. "இத அப்படியே பாத்து எழுதச் சொல்லுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் திருப்பி அனுப்பிடுவேன்."

அவர் போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை, தனத்தின் நேரம். எழிலரசி எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டாள். "ஏம்பா, உனக்கு வேற கேள்வியே கெடைக்கலியா? என் கடையே போயிருக்கும் தெரியுமா?"

அண்ணாமலை சொன்னான்: "கோச்சுக்காதீங்க்கா. இங்க பாஸ்போர்ட்டுல எங்க அப்பா பேரு கடைசில இருக்குது பாருங்க, அதத்தான் என் பேருன்னு நெனச்சுக்கிட்டாங்க. இத்தினி வருஷமா எல்லாரும் என்னைச் சின்னசாமின்னுதான் கூப்புடறாங்க. செத்துப்போன எங்க அப்பன் பேரு. என் பேரச் சொல்ல இங்க ஒரு ஆளு இல்ல. அவளாவது ஒரு தடவ சொல்லட்டும்னுதான்."

ஊர் முழுக்கப் பேர்களை எழுதி வைத்தவளுக்கு இந்த ஒரு பேர் தொலைந்துபோனது தெரியவில்லை. அவனைத் திட்டியதற்கு வெட்கப்பட்டாள். ரிசீவரைத் தனத்திடம் நீட்டினாள்.

தனம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

"ம்... சொன்னேன். ரோடே கேட்டுச்சு" என்றாள். "அடுத்த தபா வேற கேள்வி போடு, ஆமா."

வைக்கப்போனவள் வைக்காமல், ரிசீவரை மறுபடி காதருகே கொண்டுபோனாள்.

"வேணாம். அதே இருக்கட்டும்."